வீட்டிலேயே ட்ரில் பிட்டுக்குச் சாணை பிடிக்கலாம்

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஆறடிக்கு எட்டடி இடம். வேறு வீடுகளில் அங்கே பழைய நியூஸ் பேப்பரும் உடைந்த சைக்கிளும் கிடக்கும். நான் ஒரு மேசை போட்டு, வைஸ் மாட்டி, பட்டறை என்று பெயர் வைத்துக்கொண்டேன். பகலெல்லாம் ஜெராக்ஸ் கடை, இரவு எட்டரைக்கு மேல் இங்கே. மேசையின் ஓரத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். மழுங்கிப்போன ட்ரில் பிட்டுகளை அதில் போட்டுவைப்பேன். தூக்கி எறிய மனசு வராது, பயன்படுத்தவும் முடியாது. ஒருநாள் கொட்டி எண்ணிப் பார்த்தேன். 43 பிட். அதில் 6 மில்லி (மில்லிமீட்டர்) மட்டும் 14.

அந்த நாள் வந்ததற்குக் காரணம் ஒரு தட்டு ஸ்டாண்ட். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பட்டையில் எட்டு ஓட்டை போட வேண்டும். முதல் ஓட்டை போனது. இரண்டாவதில் பிட் கத்த ஆரம்பித்தது. நான் இன்னும் அழுத்தி, ஸ்பீடை முழுசாக ஏற்றினேன். புகை வந்தது, பிட்டின் மூக்கு நீலமானது, பட்டையில் கண்ணாடி மாதிரி பளபளவென்று ஒரு குழி விழுந்ததே தவிர ஓட்டை விழவில்லை. புது பிட் மாட்டினேன். அதே குழியில் அதுவும் போனது. எஸ்.எஸ். அப்படித்தான்: மழுங்கிய பிட் வெட்டாமல் தேய்த்தால் அந்த இடம் இறுகிக் கெட்டிப்பட்டுவிடும். அதற்கு மேல் நல்ல பிட்டும் அங்கே வழுக்கும்.

மறுநாள் காலை அந்த பிட்டை, சாணைக் கல் சுற்றும் பெஞ்ச் கிரைண்டரில் காட்டி நானே கூராக்கினேன். விரலை வைத்தால் குத்தியது. மாட்டினால் ஒரு துளிகூட இறங்கவில்லை. எதிர்வீட்டு மாமாவிடம் கொண்டுபோனேன். உறவு ஒன்றுமில்லை, எங்கள் பக்கம் பெரியவர்களை மாமா என்றுதான் கூப்பிடுவோம். மோட்டார் கம்பெனி ஒன்றில் 31 வருடம் டர்னராக, அதாவது லேத் ஓட்டுபவராக, இருந்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பிட்டை ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பினார், அவ்வளவுதான்.

“தம்பி, கூர் இருக்குதுங்க. ஆனா முதுகு மேல நிக்குது. முதுகு உக்காந்துகிட்டா வாய் எப்படிங்க கடிக்கும்?”

இந்த ஒரு வரி புரிய எனக்கு ஆறு மாதம் பிடித்தது. உங்களுக்கு இன்றைக்கே புரியவைக்கப் பார்க்கிறேன்.

ஒரு 10 மில்லி பிட்டை எடுத்து அதன் மூக்கை நேராகப் பாருங்கள். சின்ன பிட்டில் ஒன்றும் தெரியாது, பெரிசாக எடுங்கள். நடுவில் சாய்வாக ஒரு குட்டிக் கோடு. அதன் இரண்டு முனையிலிருந்தும் வெளிப்பக்கமாக இரண்டு விளிம்புகள் கிளம்பும். பட்டறையில் இவற்றை லிப் என்பார்கள். இரும்பை வெட்டுவது இந்த இரண்டு லிப்தான். ஒவ்வொரு லிப்பின் பின்னாலும் ஒரு சாய்ந்த பரப்பு இருக்கிறதே, அதுதான் மாமா சொன்ன முதுகு. லிப்பிலிருந்து பின்னால் போகப்போக அந்த முதுகு சரிந்து இறங்கிக்கொண்டே போக வேண்டும், சாதாரண வேலைக்கு 8 முதல் 12 டிகிரி வரை. அந்தச் சரிவு இருந்தால்தான் லிப் இரும்பைத் தொடும்போது பின்பக்கம் தொடாமல் இருக்கும். சரிவு இல்லையென்றால் இரும்பில் போய் உட்காருவது முதுகு. லிப் எவ்வளவு கூராக இருந்தாலும் அந்தரத்தில் நிற்கும். அன்றைக்கு நான் செய்து வைத்திருந்தது அதைத்தான்.

மழுங்கியிருக்கிறதா என்று பார்க்கவும் வெளிச்சம்தான் வழி. நல்ல லிப் வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டாது, கறுப்பாகத் தெரியும். மழுங்கிய லிப்பில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு மின்னும். வெளிமூலை இரண்டும் முதலில் தேயும், ஏனென்றால் சுற்றும்போது அதிக வேகத்தில் ஓடுவது அவைதான். மூலை எவ்வளவு தூரம் உருண்டிருக்கிறதோ அவ்வளவு தூரத்துக்கு மூக்கை மொத்தமாகத் தேய்த்துப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். “லேசா ஒரு தொடு தொட்டா போதும்” என்பதெல்லாம் அப்போதைக்கப்போது சாணை பிடிப்பவர்களுக்கு. பாட்டிலில் கிடக்கும் பிட்டுக்கு அது போதாது.

எல்லா பிட்டையும் தீட்ட முடியாது. சுவர் துளைக்கிற பிட்டின் மூக்கில் தனியாக ஒரு பல் ஒட்டியிருக்கும், அது கார்பைட் என்ற மிகக் கடினமான பொருள். வீட்டு கிரைண்டரில் இருக்கும் சாம்பல் நிறக் கல் அதைத் தொடக்கூட முடியாது, கல்தான் தேயும். அதற்குப் பச்சைக் கல்லோ டைமண்டோ வேண்டும். மரத்துக்கான, நடுவில் ஊசி வைத்த பிட்டுக்கு அரம்தான் சரி. 3 மில்லிக்குக் கீழே என் கைக்கு அடங்குவதில்லை. மிச்சம் இருப்பது எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டுகள்: கறுப்பு, வெள்ளி, தங்க நிறம், கோபால்ட் கலந்த வைக்கோல் நிறம், எல்லாமே தீட்டலாம். தங்க நிறப் பூச்சு மூக்கில் மட்டும் போகும், அதனால் பிட் வீணாகாது.

மலிவு செட்டில் வரும் சில பிட்டுகள் எச்.எஸ்.எஸ்.ஸே இல்லை, வெறும் கார்பன் ஸ்டீல். கல்லில் தொட்டால் பொறியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். கார்பன் ஸ்டீல் வெள்ளையாக, மத்தாப்பு மாதிரி பூப்பூவாக வெடிக்கும். எச்.எஸ்.எஸ். மங்கலான சிவப்பில் கோடுகோடாக வரும், வெடிப்பு அநேகமாக இருக்காது. இது தெரிந்திருந்தால் நீலத்தைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. கார்பன் ஸ்டீல் நீலமானால் அந்த இடத்தின் கடினம் போயிற்று என்று அர்த்தம், நீலம் முழுவதையும் தேய்த்து எடுத்தாக வேண்டும். எச்.எஸ்.எஸ். கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு வரை தன் கடினத்தை விடாது. நீலமெல்லாம் அதற்கு 300-ஐ ஒட்டியே வந்துவிடும், மேல்நிறம்தான். ஆனால் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் முக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் விழுந்து, பிறகு வேலையில் லிப் பொரிந்துபோகும். கை பொறுக்கிற சூட்டிலேயே அடிக்கடி தண்ணீரில் தொட்டெடுத்தால் இந்தப் பிரச்சினையே வராது. நான் ஒரு தயிர் டப்பாவில் தண்ணீர் வைத்துக்கொள்கிறேன்.

சரி, கிரைண்டருக்கு வருவோம். என்னுடையது 6 இஞ்ச் கல். 60 கிரிட் போதும் (கிரிட் என்பது கல்லின் மணல் எண், எண் குறைந்தால் மணல் பெரிசு), முரட்டுத் தேய்ப்புக்கு வைக்கும் 36 கிரிட்டில் லிப் ரம்பப்பல் மாதிரி வரும். பழைய மெஷினாக வாங்கியதால் கல்லின் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடியிருந்தது. பள்ளம் விழுந்த கல்லில் யார் பிடித்தாலும் பிட் நேராக வராது. டிரெஸ்ஸர் வாங்கிக் கல்லின் முகத்தைச் சமன்படுத்துங்கள், முதல் வேலை அதுதான். கல்லுக்கும் அதன் முன்னால் இருக்கும் தாங்கு பட்டைக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி, அதாவது 3 மில்லி, அதற்கு மேல் கூடாது. கூடினால் பிட் உள்ளே இழுக்கப்பட்டு மாட்டிக்கொள்ளும்.

இந்த மெஷின் நிமிடத்துக்கு 2,850 சுற்று சுற்றுகிறது. கணக்குப் போட்டால் கல்லின் விளிம்பு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. புதுக் கல் மாட்டும் முன் விரலில் தொங்கவிட்டு ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் நல்ல கல், பொத்தென்று கேட்டால் விரிசல், மாட்டவே கூடாது. சுவிட்ச் போட்டதும் ஒரு நிமிடம் பக்கவாட்டில் ஒதுங்கி நில்லுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கையுறை வேண்டாம், அதைத்தான் கல் முதலில் பிடித்து இழுக்கும். வேட்டி நுனி, தோள் துண்டு, கழுத்துச் சங்கிலி எதுவும் தொங்கக் கூடாது. அலுமினியத்தை இந்தக் கல்லில் தேய்க்காதீர்கள். கல்லின் கண்ணெல்லாம் அடைத்துக்கொள்ளும், அடைத்த கல் சூடேறும்.

இப்போது கை. சாதாரண பிட்டின் மூக்குக் கோணம் 118 டிகிரி, அதாவது ஒரு பக்கத்துக்கு 59. என் மகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்து, தாங்கு பட்டையின் மேல் கல்லின் முகத்துக்கு 59 டிகிரியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். பிட்டின் உடம்பு அந்தக் கோட்டின் மேல் படுத்தால் கோணம் தானாக வந்துவிடும்.

இடது ஆள்காட்டி விரலைப் பட்டையின் மேல் வைத்து, பிட்டின் முன்பக்கத்தை அந்த விரல் மேல் படுக்கவையுங்கள். வலது கை பிட்டின் வாலைப் பிடிக்கட்டும். லிப் மேல்பக்கம் பார்த்தபடி, தரைக்குச் சமமாக, கல்லின் முகத்துக்கு நேர் இணையாக இருக்க வேண்டும். கல்லை முதலில் தொடுவது லிப்தான். தொட்டதும் வலது கையை மெதுவாக, ஒரு சீராக, கீழே இறக்குங்கள். வால் இறங்கும்போது மூக்கு மேலே ஏறும், அப்போது கல் படும் இடம் லிப்பிலிருந்து முதுகுக்கு நகரும். அந்த நகர்வில்தான் சரிவு பிறக்கிறது. இறக்கி முடித்ததும் கல்லிலிருந்து எடுத்துவிடுங்கள். வந்த வழியே வாலை மேலே தூக்கிக் கல்லில் தேய்த்தபடி திரும்பாதீர்கள், லிப் போய்விடும். பிட்டை அரைச் சுற்று திருப்பி அடுத்த லிப்புக்கும் அதே அழுத்தத்தில் அதே மாதிரி ஒரு இறக்கு. இந்தப் பக்கம் மூன்று என்றால் அந்தப் பக்கமும் மூன்று. வாய்விட்டு எண்ணுங்கள். நான் இன்னமும் எண்ணுகிறேன், என் மனைவி கேட்டால் மந்திரம் என்று சொல்கிறேன்.

கொஞ்சம் பழகியவர்கள் இறக்கும்போதே பிட்டை லேசாக முறுக்கவும் செய்வார்கள். மாமாவின் கையில் அது தோசை திருப்புவது மாதிரி ஒரே அசைவாக வரும். நான் முறுக்கப் போய் ஒரு லிப்பின் மூலையில் அடுத்த பள்ளத்தின் (பிட்டின் உடம்பைச் சுற்றிக்கொண்டு ஏறும் வாய்க்காலின்) விளிம்பையும் சேர்த்துத் தேய்த்துவிட்டேன். அதனால் ஆரம்பத்தில் முறுக்கே வேண்டாம், வெறும் இறக்கு போதும்.

இன்னொன்று, இதை மோட்டார் போடாமல் பழகுங்கள். நின்றிருக்கும் கல்லில் ஒரு புது பிட்டை வைத்து, அதன் முதுகு முழுக்கக் கல்லோடு ஒட்டி நகரும்படி 50 முறை இறக்கிப் பாருங்கள். கம்பெனியில் செய்த சரிவு எப்படி இருக்கிறது என்று கை தெரிந்துகொள்ளும். மாமா என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இப்படியே நிற்கவைத்தார். அப்போது எரிச்சலாக இருந்தது.

தீட்டியதும் பார்க்க வேண்டியவை மூன்று. கோணம் பார்க்க, ஒரே அளவு அறுகோண நட்டு இரண்டை மேசையில் பக்கத்தோடு பக்கம் ஒட்டிவையுங்கள். அவற்றுக்கு நடுவே விழும் பள்ளம் 120 டிகிரி. அதில் பிட்டின் மூக்கு வெளிச்சம் புகாமல் உட்கார்ந்தால் கோணம் சரி. இதற்கென்று கேஜ் விற்கிறார்கள், நட்டு எல்லார் வீட்டிலும் இருக்கிறது. இரண்டாவது, லிப் இரண்டும் ஒரே நீளமா என்பது. எஃகு ஸ்கேலில் அளந்தால் அரை மில்லி வித்தியாசம்கூடத் தெரியும். மூன்றாவதுதான் முக்கியம், முதுகு. மார்க்கரால் முதுகு இரண்டையும் கறுப்படியுங்கள். ஒரு இரும்புத் துண்டில் பென்சில் முனை அளவு குழி போட்டு, அதில் பிட்டை வைத்துக் கையாலேயே அழுத்தி ஒரு சுற்று சுற்றுங்கள். லிப் ஓரத்தில் மட்டும் மை அழிந்திருந்தால் வேலை முடிந்தது. முதுகின் பின்பக்கத்தில் அழிந்திருந்தால் அங்கே தேய்க்கிறது, இன்னும் இறக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, அளவுக்கு மீறி இறக்கிவிட்டால் லிப்புக்கு முட்டு இல்லாமல் போய், கடித்து இழுக்கும், மூலை பொரியும். எனக்கு இது இரண்டே முறைதான் நடந்திருக்கிறது. முதுகு நின்றதோ, கணக்கே இல்லை.

கடைசித் தீர்ப்பு இரும்பில். 6 மில்லி எம்.எஸ். (சாதா இரும்பு) பட்டையில் ஒரு ஓட்டை போடுங்கள். இரண்டு பள்ளத்திலிருந்தும் ஒரே மாதிரி இரண்டு சுருள் ஏறி வந்தால் மாமா மாதிரி தலையாட்டிக்கொள்ளலாம். ஒரு பக்கம் சுருள், ஒரு பக்கம் தூள் என்றால் ஒரு லிப்தான் உழைக்கிறது. நான் முதலில் தீட்டிய 8 மில்லி பிட் அப்படித்தான் இருந்தது. ஓட்டை போட்டு 8 மில்லி போல்ட் மாட்டினால் கடகடவென்று ஆடியது. கேலிப்பரில் அளந்தால் ஓட்டை 8.6. லிப் ஒன்று நீளமானால் மூக்கின் நடு தள்ளிப்போய்விடும், பிட் தன் அளவைவிடப் பெரிய வட்டம் போடும். கதவுக் கீலுக்கு இதனால் குற்றமில்லை, டேப் போட்டு உள்ளே மரை வெட்ட வேண்டிய ஓட்டைக்கு அழிவு.

தீட்டிய பிட்டைப் பழைய பழக்கத்திலேயே ஓட்டினால் பத்து நிமிடத்தில் பாட்டிலுக்குத்தான் திரும்பும். கை ட்ரில்லின் முழு வேகம் பெரும்பாலும் 2,500-க்கு மேல். எம்.எஸ்.ஸில் 6 மில்லி பிட்டுக்கு 1,300 சுற்று போதும், 10 மில்லிக்கு 800. எஸ்.எஸ். என்றால் அதில் பாதிக்கும் கீழே, 6 மில்லிக்கு 600 வைத்துக்கொள்ளுங்கள். விரலை டிரிகரில் பாதி அழுத்தி, உடம்பு பாரத்தைக் கொடுத்து, சுருள் வந்துகொண்டே இருக்கும்படி ஓட்ட வேண்டும். சுருள் நின்றால் நீங்களும் நிறுத்துங்கள், சும்மா தேய்க்கவிடாதீர்கள். கட்டிங் ஆயில் இல்லையென்றால் நான் தேங்காய் எண்ணெய் விடுகிறேன், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய். அந்தத் தட்டு ஸ்டாண்டின் மிச்ச ஓட்டைகளை, பழைய 6 மில்லியைத் தீட்டி, தேங்காய் எண்ணெய் விட்டுத்தான் போட்டேன். கெட்டிப்பட்ட குழியை மட்டும் பின்பக்கத்திலிருந்து போட்டு முடித்தேன்.

பித்தளைக்குத் தனிக்கதை. இரும்புக்குத் தீட்டிய பிட் பித்தளையில் வெட்டாது, கவ்வி உள்ளே பாயும். ஒரு பித்தளைத் தகட்டைக் கையில் பிடித்தபடி ஓட்டை போட்டேன். தகடு பிடுங்கிக்கொண்டு காற்றாடி மாதிரி சுற்றி, கட்டைவிரல் அடியில் மூன்று தையல். வைஸில் கட்டாமல் போட்டது என் தப்பு. ஆனால் பிட்டிலும் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது: எண்ணெய்க் கல்லை எடுத்து, பள்ளத்தின் பக்கமிருந்து லிப்பின் ஓரத்தை நேராக நிற்கும்படி ஒரு நூலிழை அகலத்துக்குத் தட்டையாக்கிவிட வேண்டும். அப்புறம் கவ்வாது, சுரண்டும். இரண்டு பிட்டை இப்படிச் செய்து வாலில் சிவப்பு நெயில் பாலிஷ் தடவி வைத்திருக்கிறேன். அவை பித்தளைக்கு மட்டும்.

பல தடவை தீட்டிக் குட்டையான பிட்டில் புதிதாக ஒன்று கிளம்பும். லிப் நன்றாக இருந்தும் அழுத்தம் நிறையத் தேவைப்படும். பிட்டின் நடுத்தண்டு மூக்கில் மெல்லிசாகவும், வாலை நோக்கிப் போகப்போகத் தடித்தும் இருக்கும். குட்டையாக ஆக, மூக்கில் அந்த நடுக்கோடு நீளும். அந்தக் கோடு வெட்டுவதில்லை, இரும்பை நசுக்கித் தள்ளுகிறது. கல்லின் கூர்மூலையில் வைத்துப் பள்ளத்தின் பக்கமாக இரண்டு புறமும் சமமாகக் கொஞ்சம் அரித்துக் கோட்டைக் குறுக்கலாம். 10 மில்லிக்கு மேல் இதைச் செய்கிறேன். சின்ன பிட்டில் செய்யப் போனால் லிப்பை வெட்டிவிடுவேன். அதற்குப் பதிலாக முதலில் 3 மில்லியில் வழி ஓட்டை போட்டுக்கொள்வது சுலபம்.

பெஞ்ச் கிரைண்டர் இல்லாதவர்கள் பிட்டை வைஸில் கட்டி, ஆங்கிள் கிரைண்டரில் உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய 80 கிரிட் ஃப்ளாப் டிஸ்க் மாட்டித் தேய்க்கலாம். அவசரத்துக்குப் பரவாயில்லை. கட்டிங் டிஸ்க்கின் பக்கவாட்டில் மட்டும் தேய்க்காதீர்கள், அது பக்க அழுத்தம் தாங்காது, வெடிக்கும். ட்ரில்லில் மாட்டும் பிளாஸ்டிக் சாணை மெஷின் ஒன்றும் வாங்கினேன். கோணம் ஒழுங்காக வந்தது, முதுகுச் சரிவு அரைகுறையாக வந்தது. இப்போது என் அக்கா மகனிடம் இருக்கிறது, அவன் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

பாட்டிலில் இப்போது 9 பிட் கிடக்கிறது. எல்லாம் 3 மில்லிக்குக் கீழே, இல்லாவிட்டால் முறிந்தவை. பழைய இரும்பு எடுப்பவர் வந்தால் சாதா இரும்போடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். எச்.எஸ்.எஸ். என்று சொல்லித் தனியாக எடை போடச் சொல்லுங்கள், இரும்பைவிட நல்ல விலைக்கு எடுக்கிறவர்கள் உண்டு.